அரம்

மூன்று சிங்கத்தில் இரண்டுதான் இருந்தது.
மூன்றாவது விளிம்பைத் தாண்டி
எங்கோ போய்விட்டிருந்தது.
எதிர்ப்பக்கம் பிறை அளவுக்கு வெறும் உலோகம்,
வழித்துவிட்ட தோசைக்கல்போல.

தொண்ணூற்றொன்றில்
பழையபேட்டைக் கடையில்
அரைக் கிலோ ஆணிக்கு யாரோ கொடுத்த ரூபாய்.
வாங்கும்போது பார்க்கவில்லை.
ராத்திரி கல்லா எண்ணும்போதுதான்
விரலுக்கு உறுத்தியது.

அப்போது நாங்கள் ஏழு பேர்.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
கேஷியர் வரதராஜுலு வீட்டு மாடியில் கூடுவோம்.
எந்த வருஷம், எந்த ஊரில் அடித்தது,
தேதிக்குக் கீழே வைரமா நட்சத்திரமா,
பேச்சு அதோடு சரி.
என் காசை அவர் நகத்தால் ஓரமாகத் தள்ளினார்.
"தங்கசாலைக் கழிவு, திம்மராயா.
யோக்கியமான ஆல்பத்துல இதுக்கு என்ன வேலை?"

மண்டியில் கோணல் செந்தூராவைக்
கூழ் ஆலைக் கூடைக்கு எறிகிறவன் கை
அப்படித்தான் அசையும்.
பழத்தைப் பார்க்காது.

ஆனாலும் எண்பத்தொன்பது, நட்சத்திரம்,
என்னிடம் வேறு இல்லை.
ஆல்பத்தில் அந்தத் துளை மட்டும் காலி.
வைத்துப் பார்த்தேன்.
பிறைப்பக்கம் முட்டிக்கொண்டு நின்றது.
ஹார்டுவேர் கடைக்காரனுக்கு அரத்துக்கா பஞ்சம்?
வைஸில் இறுக்கிப் பிடித்து
பாதி ராத்திரி வரைக்கும் தேய்த்தேன்.
பேப்பரில் உதிர்ந்த வெள்ளைத் தூளைச்
சாக்கம்மா காலையில் பெருக்கி
அடுப்புச் சாம்பலோடு கொட்டினாள்.

காசு துளைக்குள் போனது.
வரதராஜுலு தலையாட்டினார்.
"இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கு."

எப்போது மாறியது என்று சரியாகத் தெரியாது.
இரண்டாயிரத்து ஆறோ ஏழோ.
பெங்களூர் வியாபாரி ஒருவர் மாடிக்கு வந்து
"நல்லது வேண்டாம், பழுது இருந்தால் காட்டுங்க" என்றாராம்.
அதையெல்லாம் உருக்க அனுப்பிட்டேனே என்று
வரதராஜுலு சிரித்தாராம்.
சிரித்து முடித்து
விலை கேட்டாராம்.

அவர் போய்ப் பதினாறு வருஷம்.
இப்போது கூட்டம் ரவுண்டானா பக்கம்
கல்யாண மண்டபத்தில், டோக்கன் போட்டு.
வருஷ வரிசை வைத்திருக்கிறவனை
யாரும் உட்காரச் சொல்வதில்லை.
பூவே இல்லாமல் இரண்டு பக்கமும் தலை விழுந்தது,
இரண்டு தரம் அடிபட்டு
இரண்டு தேதி காட்டும் எட்டணா,
எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்குள்,
சான்றிதழோடு, விளக்கு வெளிச்சத்தில்.
ஒருத்தனைச் செல்லாக்காசு என்று திட்டவும்
இனி யோசிக்க வேண்டும்.

ஒரு பையன் போனில் ஏலம் காட்டினான்.
என் காசின் கூடப்பிறந்தது.
அதே சாய்வு, அதே இரண்டு சிங்கம்.
பதினாலாயிரத்து ஐந்நூறு.
தொகையைப் பார்த்தேன்தான்.
அதன் பிறை முழுசாக இருந்ததை
அதைவிட ரொம்ப நேரம் பார்த்தேன்.

என்னுடையதை இர்ஃபானிடம் கொடுத்தேன்.
லென்ஸைக் கண்ணில் செருகி
விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
"கை வெச்சிருக்காங்கண்ணே.
இப்ப பட்டறையிலயே தப்பு பண்ணிக் குடுக்கறாங்க தெரியுமா?
நல்ல காசா எடுத்து, மாட்டி, ஒரே அடி.
ஆனா இது அந்த ரகமும் இல்ல.
இது..."
வார்த்தை தேடினான்.
"தப்பும் போச்சு, சரியும் ஆகல."

யார் கை என்று அவன் கேட்கவில்லை.
நாணயமாக நானே சொல்லியிருக்கலாம்.
டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குக் கடை சாத்திய பிறகு
ஆல்பத்தை எடுத்து
எண்பத்தொன்பதின் துளையைப் பிளேடால் வெட்டினேன்,
அன்றைக்கு அது கேட்ட அளவுக்கு.
அளவு இன்னும் விரலில் இருந்தது.

காசை வைத்து அட்டையை மூடினேன்.
பக்கம் புரட்டும்போதெல்லாம்
உள்ளே ஆடுகிறது.
"என்ன அது சத்தம்" என்கிறாள் சாக்கம்மா,
கண்ணைத் திறக்காமல்.